எட்டுப் பேருக்கு நாலு பெட்ரூம் வீடு: கோவில்பாளையம் பக்கம் வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். கோவை சத்தி ரோட்டில் கோவில்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், உள்ளே தள்ளி ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஆறரை செண்ட் சைட், கீழும் மேலுமாக 2,800 சதுர அடி, நாலு பெட்ரூம், கட்டி 12 வருடம், 1.35 கோடி சொல்கிறார்கள். அப்பத்தா, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நீங்கள், உங்கள் மனைவி, குழந்தை என்று எட்டுப் பேர் ஒன்றாக இருக்கப் போகிறீர்கள். வீட்டுக்காரர் தவறிவிட்டார், மனைவி விற்கிறார், பையன் துபாயில், பெண்ணைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். "வீடு நல்லா விசாலமா இருக்குங்கண்ணா, வாங்கலாமுங்களா?"

வாங்கலாம். கூட்டுக் குடும்பமாக இருக்க நினைக்கிறவர்களுக்கு இந்த அளவில் கட்டிய வீடு கிடைப்பது இப்போது கஷ்டம், புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாம் மூணு, மூணரை செண்டில் நெருக்கி முடித்துவிடுகிறார்கள். ஆனால் விசாலத்தைக் கடைசியில் பாருங்கள். எட்டுப் பேர் புழங்கும் வீட்டை அந்த இடம் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. தண்ணீர், கழிவு, வீட்டுக்கு வந்து போகும் தடம், அப்புறம் பத்திரம். இந்த நாலும் சரியாக இருந்தால் வீட்டில் உள்ள குறையைப் பணம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். இந்த நாலில் ஒன்று இல்லையென்றால் எவ்வளவு பணம் போட்டாலும் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது. பழைய வீடுகளுக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கும் வேலையில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தண்ணீரில் ஆரம்பிக்கிறேன். ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு. எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர். குழாயில் நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தரம் வருகிறது என்று வையுங்கள், அதையே நம்பி இருப்பதென்றால் கிட்டத்தட்ட 11,000 லிட்டர் பிடித்து வைக்க வேண்டும். எட்டடிக்கு எட்டடி, ஆறடி ஆழத் தொட்டி அந்த அளவு பிடிக்கும். அந்த வீட்டில் உள்ள தொட்டியின் மூடியைத் திறந்து டேப் விட்டு நீங்களே அளந்து பாருங்கள், "பெரிய தொட்டிங்க" என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருகிறது என்பதை விற்பவரிடமோ ப்ரோக்கரிடமோ கேட்க வேண்டாம். அதே வீதியில் நாலு வீடு தள்ளி, வாசலில் குடமும் டிரம்மும் வைத்திருக்கிற ஒரு அம்மாவிடம் கேளுங்கள். மே மாதத்தில் எப்படி வந்தது என்றும் கேளுங்கள்.

நம் பக்கம் எல்லோரும் செய்வதுபோல நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், உப்புத் தண்ணீர் மற்றதுக்கெல்லாம் என்று பிரித்தால் தேவை குறையும். அப்போது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, முக்கியமாகிறது. இங்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை, பாறை வெடிப்பில் கிடைக்கிற தண்ணீர்தான். அதனால் பக்கத்து வீட்டுப் போரில் தண்ணீர் இருப்பதற்கும் உங்கள் போரில் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லாமலும் போகலாம். ஆழம் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, கடைசியாக எப்போது இறக்கினார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டதோடு விடாமல், மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாப் போரும் நன்றாகத்தான் கொட்டும். அரை மணி கழித்து குழாய் வாயில் தண்ணீர் விட்டு விட்டு, காற்றோடு சீறி வந்தால் அந்தப் போர் எட்டுப் பேருக்குக் காணாது. அப்புறம் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. லேப் முடிவு வருவதற்கு முன்பே மேல் பாத்ரூம் ஷவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். துளைகள் வெள்ளையாக அடைத்துப் பாதிதான் தண்ணீர் விடுகிறதா? கீசர், வாஷிங் மெஷின், குழாய் எல்லாவற்றுக்கும் அதே கதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் சேமிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம். ஆனால் பெரும்பாலான வீட்டில் ஒரு குழாயை மண்ணுக்குள் விட்டுக் கணக்குக் காட்டியிருப்பார்கள். கோவைப் பக்கம் வருடத்துக்கு 650 மில்லிமீட்டர் வாக்கில் மழை. மொட்டை மாடி 1,400 சதுர அடி என்றால் சேதாரம் போக 60,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தொட்டிக்கும் போருக்கும் திருப்பிவிடச் செலவும் அதிகம் இல்லை. அந்தப் பக்கத்துக்கு இன்னொரு நல்லது நடந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகப் போகும் பவானி உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வருகிறார்கள். குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறும் போரும் மெல்ல ஊறும். அதற்காக "அத்திக்கடவுத் தண்ணி வந்துருச்சுங்க" என்று சொல்லி செண்டுக்கு ஒரு லட்சம் ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது குளத்துக்கு வருகிற தண்ணீர், உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருவது இல்லை.

கழிவுத் தண்ணீரை யாரும் கேட்பதே இல்லை. பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் எட்டுப் பேர் வீட்டுக்கு செப்டிக் டேங்க்தான் கதி. டேங்க் எங்கே இருக்கிறது, போரிலிருந்து எத்தனை அடி, நிறைந்தால் எங்கே போகிறது, லாரி வந்து எடுத்துக் கடைசியாக எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். நிறைந்து வழிவது பக்கத்துக் காலி சைட்டுக்குள் போகிறது என்றால், அந்தச் சைட்டில் வீடு கட்டுகிற அன்றைக்கு உங்களுக்குச் சண்டை ஆரம்பம். வளர்கிற ஊரில் காலி சைட் எதுவும் காலியாகவே இருக்காது. இப்போது அந்தப் பக்கத்து ஜன்னலில் வருகிற காற்றும் வெளிச்சமும் அப்படித்தான். பக்கத்துச் சைட்டில் மாடி எழும்பிய பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்து அறைகளைப் பாருங்கள்.

மழைத் தண்ணீர் போகும் வழியையும் பார்க்க வேண்டும். கௌசிகா நதி குருடி மலையில் தொடங்கி இடிகரை, கோவில்பாளையம் வழியாகப் போய் நொய்யலில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடப்பதால் நதி இருப்பதே புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. அதில் சேரும் சின்னச் சின்னப் பள்ளங்கள் மேல் லேஅவுட் போட்டிருக்கிறார்கள். கிராம வரைபடத்தில் ஓடை, பள்ளம், வாய்க்கால் என்று காட்டியிருப்பது இந்தச் சைட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரோட்டு மட்டமும் அதே கதைதான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்கிறது, 12 வருடத்தில் ரோடு ஏறி வீட்டு வாசல் தாழ்ந்திருந்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். கேட்டில் நின்று பார்த்தாலே தெரியும்.

இப்போது பத்திரம். முதலில் சைட்டின் கதை, அப்புறம் குடும்பத்தின் கதை.

சைட் டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம், அப்ரூவல் கொடுத்த லேஅவுட்டா, இல்லை பழைய "பஞ்சாயத்து அப்ரூவலா"? பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைக் காட்டி நம் பக்கம் ஏராளமாக விற்றிருக்கிறார்கள், லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகு, 2017-ல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டு வந்தது. 12 வருட வீடு என்பதால் சைட் அதற்கு முந்தியது. வரன்முறை செய்த உத்தரவு இருக்கிறதா, அதில் இந்தச் சைட் எண்ணே இருக்கிறதா என்று பாருங்கள். லேஅவுட் வரைபடத்தில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய ரிசர்வ் சைட் எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோவையில் ரிசர்வ் சைட்டை விற்று, அதில் வீடும் கட்டி, அப்புறம் கோர்ட்டுக்கு அலைந்த கதை நிறைய உண்டு.

வீட்டுக்கான பிளான் அனுமதியில் எத்தனை சதுர அடி இருக்கிறது? கீழ் வீட்டுக்கு மட்டும் 1,400 அடிக்கு அனுமதி வாங்கி, மேலே பிறகு சும்மா எழுப்பியிருப்பது நம் பக்கம் சாதாரணம். அப்படி இருந்தால் பேங்க் மதிப்பீட்டாளர் மேல் மாடியைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம். உங்கள் லோன் அங்கேயே சுருங்கும், அதே காரணத்தைச் சொல்லி விலையையும் குறைக்கலாம்.

தடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காடு தோட்டமாக இருந்த இடத்தில் முன்பு இட்டேரிதான், அதாவது வேலிகளுக்கு நடுவில் போகும் மண் தடம்தான், வழி. லேஅவுட் ரோடு பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டதா, இல்லை இன்னும் பழைய தோட்டக்காரர் பேரிலேயே பட்டா ஓடுகிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் "மாமூல் வண்டித் தடப் பாத்தியம்", அதாவது வழக்கமாக வண்டி போய்வரும் உரிமை, என்று மட்டும் எழுதி அகலம் போடாமல் விட்டிருந்தால் விடாதீர்கள். எந்தச் சர்வே எண்ணில், எத்தனை அடி அகலம் என்று வர வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை ஓரிடத்தில் பத்தடியாகக் குறுகினாலும் செப்டிக் டேங்க் லாரியும் போர் வண்டியும் வருவது கஷ்டம்.

குடும்பத்துக்கு வருகிறேன், இந்த வீட்டில் உண்மையான சிக்கல் இங்கேதான். இந்து வீட்டுக்காரர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, பையன், பெண் மூவரும் சம பங்கு வாரிசுகள். அவருடைய அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவரும் சம பங்கு வாரிசு, இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். "பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சுங்க, அவளுக்குப் பாகம் கிடையாது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சீர் செய்ததால் சொத்துரிமை போகாது. பாட்டன் சொத்தில்கூட 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் மத்திய அரசும் பெண்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டன. அந்தத் திருப்பூர் அக்கா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லை தன் பங்கை விட்டுக்கொடுத்து அம்மா பேரில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பெண் மனதார ஒத்துக்கொள்கிறாரா என்று நேரில் ஒரு வார்த்தை கேளுங்கள், அது மரியாதையும்கூட.

துபாய் பையன் லீவில் வந்து நேரில் கையெழுத்துப் போடுவதுதான் சுத்தம். முடியாவிட்டால் பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அவர் வருமான வரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு நீங்கள் பிடிக்க வேண்டிய வரி வேறு. உள்நாட்டில் இருப்பவர்களுக்கு, வீட்டின் விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அதைவிடப் பல மடங்கு, பிடிக்காமல் விட்டால் வரித்துறை கேட்பது உங்களைத்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் போய்விடுங்கள்.

வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுத்து 30 வருடத்துக்குப் பாருங்கள். அதில் பதிவான விஷயங்கள் மட்டும்தான் வரும். பதிவாகாத உயிலும் வாய்வழிப் பாகமும் அதில் தெரியாது, அதனால் வக்கீல் மூலப் பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஒப்பினியன் கொடுக்க வேண்டும். அசல் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள்.

விலை. அந்தப் பக்கம் செண்ட் 10 லட்சம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இடம் 65 லட்சம். கட்டிடத்தை இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,300 என்று வைத்தால் 64.4 லட்சம், 12 வருடத்துக்கு வருடம் ஒன்றரை சதவீதம் தேய்மானம் கழித்தால் 52.8 லட்சம். மொத்தம் 1.18 கோடி வாக்கில் வருகிறது. தண்ணீரும் தடமும் நன்றாக இருந்தால் 1.20 வரை போகலாம் என்பது என் கருத்து. அந்த விலைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 10.8 லட்சம். பெண்கள் பேரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்று யாராவது சொல்வார்கள், 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். 75 லட்சத்துக்கு மேல் லோன் என்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம்தான் பேங்க் கொடுக்க முடியும், அதாவது 90 லட்சம். மீதி 30 லட்சமும் பதிவுச் செலவும் சேர்த்து 40.8 லட்சம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ரிப்பேருக்குத் தனி.

"மெட்ரோ வருது, விலை ரெண்டு மடங்காயிரும்" என்று ப்ரோக்கர் சொல்லியிருப்பார். சத்தி ரோட்டில் ஒரு வழித்தடம் திட்டத்தில் இருந்தது உண்மை. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கீரணத்தம், சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளால் அந்த ரோட்டில் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், அந்த வளர்ச்சி கண் முன்னால் இருக்கிறது. அதற்கு விலை கொடுங்கள். வராத ரயிலுக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளே பார்ப்பது சுருக்கம்தான். அப்பத்தாவுக்கும் அப்பா அம்மாவுக்கும் கீழேயே ஒட்டிய பாத்ரூமோடு அறை இருக்கிறதா, பாத்ரூம் கதவில் படி ஏறாமல் போக முடிகிறதா? நாலில் மூணு பெட்ரூம் மேலே என்றால் அந்த விசாலம் பெரியவர்களுக்குப் பயன்படாது. மேல் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங்கைப் பாருங்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக, பக்கத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருந்தால் கசிவை மூடியிருக்கிறார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் வெடிப்பில் விரல் நகம் நுழைகிறதா? கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், அஸ்திவாரம் மேலோட்டமாகப் போட்டிருந்தால் அப்படி வெடிக்கும். செம்மண்ணில் இந்தக் கவலை குறைவு. கோவைக்குப் பக்கத்தில் உள்ள தடாகம் சூளைகளின் செங்கல்லில் கட்டியது என்று சொன்னால் நல்லதுதான், 2021-ல் அந்தச் சூளைகள் மூடுவதற்கு முந்தைய வீடு இது. ஆனால் கல்லைவிடக் கான்கிரீட்டும் கம்பியும் முக்கியம், சன்ஷேடின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று சுற்றிப் பாருங்கள். பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்புறம், துணி துவைக்க, காயப்போட இடம் இருக்கிறதா என்று அம்மாவையும் அண்ணியையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு தரம் போய்வாருங்கள். சத்தி ரோட்டுப் பக்கம் பட்டறையும் இரும்பு வார்க்கும் பவுண்டரியும் வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன, பகலில் தெரியாத சத்தமும் புகையும் ராத்திரி ஷிப்டில் தெரியும்.

எல்லாம் சரியென்றால் அக்ரிமெண்ட் போடுங்கள், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த அக்ரிமெண்டாக. அட்வான்ஸ் பேங்க் வழியாகத்தான், ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று சட்டமே இருக்கிறது. லோன் மறுக்கப்பட்டால், இல்லை பத்திரத்தில் குறை வந்தால், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் சர்வேயரை வைத்து நாலு பக்கமும் அளங்கள். ஆறரை செண்ட் என்றால் 2,831 சதுர அடி வர வேண்டும். சர்வே துறையின் புலப்படமும் பத்திரமும் தரையில் உள்ள காம்பவுண்டும் ஒத்துப்போகாவிட்டால் பணத்தைக் கொடுக்காமல் மூன்று அளவையும் எனக்கு எழுதுங்கள், விற்பவர் பேரில் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டால் சரியாகுமா, தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து அளக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.